உப்புத் தண்ணீரில் நனைத்த துணி

சர்க்கரை நோயால் என் மனைவியின் கால் கட்டைவிரலில் வந்த புண் ஆறவே இல்லை. ஆஸ்பத்திரியில் வெள்ளித்தூள் ஏற்றிய கட்டுத்துணி கொடுத்தார்கள். கண்ணுக்குத் தெரியாத அந்தத் தூள் கிருமியின் மேல்தோலை ஓட்டை போட்டுக் கொன்றுவிடுமாம்.

"இந்த பாட்டில் தண்ணியில நனைச்சுக் கட்டுண்ணா, வேற எதுவும் வேணாம். புரிஞ்சுதா?" என்றார் நர்ஸ். ஏன் என்று கேட்கக் கூச்சப்பட்டுத் தலையாட்டினேன்.

நான்கு நாளில் பாட்டில் தீர்ந்தது. எங்கள் மீனவ ஊரான மணப்பட்டில் வலைக்கயிறு அறுத்த கைக்கும், மீன் முள் குத்திய காலுக்கும் உப்புத் தண்ணீர்தான் மருந்து. அதிலேயே துணியை நனைத்துக் கட்டினேன்.

"எரியவே இல்லைய்யா" என்றாள். அதை நல்ல அடையாளமாக எடுத்துக்கொண்டேன்.

மறுமுறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது விரல் கறுத்திருந்தது.

"உப்பு அந்த வெள்ளியைப் புடிச்சு வச்சுக்கும்பா. அப்புறம் அது எப்படிக் கிருமிகிட்ட போகும்?" என்றார் டாக்டர். விரலை எடுத்துவிட்டார்கள்.

இப்போது அந்தக் காலில் செருப்பு நிற்பதில்லை. "நீ இன்னா தெரிஞ்சா செஞ்ச?" என்கிறாள். பாட்டில் தீர்ந்த அன்று, "போயி இன்னொண்ணு கேட்டு வாய்யா" என்று அவள் சொன்னதைப் பற்றி இருவரும் பேசுவதில்லை.