அக்காள் நீரூற்றிய தரைப்பசலை

கரமனையில் வடிவாம்பாளின் வீட்டுக் கொடியில் காயும் துணிகள்கூட ஓரம் ஒத்துத்தான் தொங்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, தாயில்லாத தம்பி தாணுலிங்கத்தை வளர்த்தவள். அவன் அரசுத் தோட்டத்தில் தற்காலிக வேலைக்குச் சேர்ந்த அன்று தெருவுக்கே பாயசம் கொடுத்தாள்.

வேலை நிரந்தரமாக வேண்டுமானால் தோட்டச் சூப்பிரண்டுக்கு ஏதாவது செடி வளர்த்துக் காட்டவேண்டும். தாணு வீட்டு வாசலில் வெட்டுக்கற்களை அடுக்கி, வித்துரா மலைப் பாறைகளில் பறித்த தரைப்பசலையை இடுக்குகளில் நட்டான். அரிசி பருமனில் தடித்த இலைகளோடு அது கல்லை ஒட்டியே படர்ந்தது. ஒரு மாத வேலையாக மீண்டும் வித்துரா போகும்போது சொன்னான்:

"எக்கா, இதைத் தொடண்டாம், கேட்டியா. வெள்ளமும் ஊத்தண்டாம்."

"உன்னைய வளத்தவளுக்கு ஒரு கீரைய வளக்கத் தெரியாதாக்கும்!"

"அதாக்கும் பயம். எனக்கு ஊட்டுன மாதிரி அதுக்கும் ஊட்டிருவ."

பாதையில் கோணலாக நீண்ட தண்டுகளை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கத்தரியால் நேராக வெட்டி, குளியலறைக்குப் பின்னால் உடைகல் மேட்டில் வீசினாள். வெட்டுப்பட்ட செடி பாவமாக இருந்தது. காலையும் மாலையும் ஒரு குடம் நீர், போதாததற்கு அரிசி களைந்த தண்ணீர்.

தாணு திரும்பியபோது தண்டெல்லாம் கறுத்துக் கொழகொழத்துக் கிடந்தது. அவன் ஒரு வார்த்தை திட்டவில்லை.

மறுநாள் சூப்பிரண்டு செடியைப் பார்க்க வந்தார். "ஆருடே இதுக்கு இத்தனை வெள்ளம் ஊத்துனது?"

"நானாக்கும் சார்."

"பாறைச் செடிக்கு வெள்ளம் ஊத்துறவனுக்குத் தோட்டத்துல என்ன வேலை?"

கதவுக்குப் பின்னால் வடிவாம்பாளின் கை தாழ்ப்பாளில் இருந்தது. திறக்கவில்லை. அதிகாரி முன்னால் தலைகுனிந்து நிற்க மனம் வரவில்லை. மதியம் தாணு ரசம் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அவள் தன் பங்குச் சோற்றைப் பானையிலேயே மூடிவைத்தாள்.

அடுத்த நாள் வெயிலேறியதும் சாம்பல் கொட்டப் போனவள் நின்றுவிட்டாள். வீசியெறிந்த தண்டுகள் உடைகல்லில் வேர்பிடித்து மஞ்சளாகப் பூத்திருந்தன. கை தானாகக் குடத்துக்குப் போயிற்று, இழுத்துக்கொண்டாள். ஒரு கல்லைச் செடியோடு முறத்தில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"எக்கா, எங்க போற?"

"சூப்பிரண்டு ஆபீசுக்கு. வெள்ளம் ஊத்துனது ஆருன்னு சொல்லண்டாமா?"

"நான்தான் சொல்லியாச்சே."

"நீ சொன்னது பொய்யாக்கும். வழிய விடுலே."

முறத்தின் விளிம்பைத் தாண்டி ஒரு தண்டு கோணலாகத் தொங்கியது. அதை அவள் உள்ளே மடக்கவில்லை.