அருமைநாயகி கேட்ட இரண்டாவது கேள்வி

அருமைநாயகி என்று கேட்டால் எங்கள் பக்கத்தில் ஒருவருக்கும் தெரியாது. 'டஸ் ரீச்சர்' என்றால் நெல்லியடிச் சந்தையில் மீன் விற்கிறவளும் வீட்டைக் காட்டுவாள். கொழும்பில் ஒரு கொம்பனியில் டெலிபோன் ஒப்பரேற்றராக இருந்தவள். எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தில் உடுத்த சேலையோடு கப்பலேறி வந்தாள். வேலை போனது, இருந்த அறையும் எரிந்து போனது, இங்கிலிஷ் மட்டும் மிஞ்சியது. அதை வைத்து எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு கொட்டில் போட்டு பிள்ளைகளுக்கு ரியூசன் படிப்பிக்கத் தொடங்கிவிட்டாள்.

அன்றைக்குப் பிடித்தது எனக்குச் சனி. பின்னேரமானால் ஒரே சத்தம். "ஹீ கோஸ் ஸ்கூல்?" என்று ஒரு பிள்ளை கேட்கும். "அது கேள்வியோ? டஸ் முன்னுக்கு வரவேணும்! டஸ் வந்தாரெண்டால் கோஸ் தன்ரை வாலைச் சுருட்டிக்கொண்டு கோ ஆகிவிடவேணும்!" என்று இவள் கத்துவாள்.

"இஞ்சை மண்ணெண்ணெய்க்கே வழியில்லை, உவளுக்கு டஸ் வேண்டிக் கிடக்கு" என்று வேலிக்கு மேலால் சொல்லிவிடுவேன்.

"நீங்களும் வந்து இருங்கோவன் அக்கா" என்று சிரிப்பாள். ரோசம் என்பது மருந்துக்கும் இல்லாத பெட்டை!

தொண்ணூற்றொன்றில் எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு வெளிநாட்டு டொக்டர்மார் வந்தார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, நோயாளிக்கு இங்கிலிஷ் தெரியாது. நடுவில் நின்று கதைக்க இவளைக் கூப்பிட்டார்கள். காலையில் ஆஸ்பத்திரி, பின்னேரம் கொட்டில் என்று சைக்கிளில் பறந்து திரிந்தாள்.

அந்த மாரியில்தான் என் மனுசன் தம்பிராசாவுக்கு வயிற்றுக்குத்து வந்தது. கடலுக்குப் போகிற மனுசன், காலில் முள் ஏறினாலும் வாய் திறவார். அவரே ஒரு பகல் முழுக்கச் சுருண்டு கிடந்தார். மறுநாள் விடிய வாடகைக்கு ஒரு வான் பிடித்து, ஏற்றிக்கொண்டு போனேன். வெள்ளைக்கார டொக்டர் வயிற்றை அமத்திப் பார்த்தார். குடல்வால் வீங்கிவிட்டது, வெடிக்க முதல் வெட்ட வேண்டும் என்று அருமைநாயகி சொன்னாள். உடனே பெயர் பதிய ஓடினேன்.

திரும்பி வந்தால், வேறு யாரையோ ஒப்பரேசன் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போகிறார்கள். என் மனுசன் வெளியில் மர வாங்கிலில் கிடந்து முனகுகிறார்.

"என்ன பிள்ளை, இவரை ஏன் விட்டிட்டுப் போறாங்கள்?"

"அண்ணை சாப்பிட்டிட்டாராம் அக்கா. சாப்பிட்ட வயிறோடை மயக்க மருந்து குடுத்தால் ஆபத்து. பின்னேரம் மட்டும் பொறுக்கவேணுமாம்."

பின்னேரமோ! கரண்ட் இல்லாத ஆஸ்பத்திரியில் ஜெனரேற்றருக்கு டீசல் மத்தியானத்தோடு சரி என்று வாசலில் கதைத்துக்கொண்டு நின்றார்கள். பின்னேரம் என்றால் நாளைக்குத்தான். நாளை வரைக்கும் அந்த மனுசன் தாங்குவாரோ? எனக்கு வந்ததே ஒரு கோபம்.

"ஆரடி சொன்னது? நேற்று முழுக்க ஒரு பருக்கை உள்ளுக்குப் போகேல்லை!"

"அண்ணைதான் சொன்னவர். சாப்பிட்டாச்சோ எண்டு கேட்டனான், ஓம் எண்டவர்." சொல்லி வாய் மூடவில்லை, அவள் முகம் செத்துப்போனது. "ஐயோ அக்கா! நான் சுகமல்லோ விசாரிச்சிருக்கிறன்!"

எங்கள் ஊரில் அந்தக் கேள்விக்கு இல்லை என்று யார் சொல்லுவார்கள்? இல்லை என்றால் கேட்டவள் அடுப்பு மூட்ட வேண்டுமே. பட்டினி கிடந்தாலும் 'ஓம் ஓம், இப்பதான்' என்றுதான் வாய் வரும்.

அருமைநாயகி வாங்கிலுக்குப் பக்கத்தில் குந்தினாள். "அண்ணை, கடைசியா என்ன வாய்க்குள்ளை போனது? எப்ப போனது?"

மனுசன் யோசித்தார். "நேற்று விடிய ஒரு பிளேன்ரீ குடிச்சனான். அதையும் அப்பவே வெளியிலை சத்தியெடுத்திட்டன்."

"அப்ப ஏன் சாப்பிட்டாச்செண்டனீங்கள்?"

"நீ வேலையா நிக்கிறாய் பிள்ளை. உனக்கேன் கரைச்சல் எண்டுதான்."

சாகக் கிடக்கிற நேரத்தில் மரியாதையைப் பாருங்கள்! பெற்ற தாயாக இருந்தால் அந்த இடத்திலேயே ஒரு குட்டு வைத்திருப்பேன்.

அவள் எழும்பித் தியேட்டர் வாசலுக்கு ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். டொக்டர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். புருசனுக்கு இடம் பிடிக்கப் பொய் சொல்லுகிறேன் என்று நினைத்திருப்பார். நோயாளி மாறிச் சொல்லிவிட்டார் என்று அருமைநாயகி எங்கள் தலையில் போட்டிருக்கலாம். அவள் தன் நெஞ்சைத் தொட்டுத் தொட்டுக் கதைத்தாள். 'மை மிஸ்ரேக்' என்றது மட்டும் எனக்கு விளங்கியது. டொக்டர் அவள் கண்ணைப் பார்த்து ஏதோ கேட்டார். அவள் அசையாமல் நின்று பதில் சொன்னாள். அடுத்ததாக என் மனுசனைக் கொண்டுபோனார்கள்.

கதவு திறந்தபோது ஜெனரேற்றர் இன்னும் இரைந்துகொண்டிருந்தது. டொக்டர் வியர்வையைத் துடைத்தபடி நீளமாக ஏதோ சொன்னார். நான் அருமைநாயகியின் வாயையே பார்த்தேன். நாள் முழுக்க ஊருக்கெல்லாம் மொழிபெயர்க்கிறவளுக்குச் சொல் வரவில்லை, கண்ணீர்தான் வந்தது.

"சொல்லடி பிள்ளை! என்னவாம்?"

அவள் என் கழுத்தில் தொங்கிய தாலியைப் பிடித்து, என் உள்ளங்கைக்குள் வைத்துப் பொத்தினாள்.

"இது கழுத்திலையே கிடக்கட்டும் அக்கா."