மல்லிகையின் மணம் எனக்கு மீண்ட வகை

நன்றியை நேரில் சொன்னால் சிரித்து மழுப்பிவிடுபவருக்கு அதை எழுத்தில் வைப்பதன்றி வேறு வழியில்லை. ஆகவே இதை எழுதுகிறேன். அவர் ஒத்தக்கடையில் எங்கள் அடுத்த வீட்டுப் பெண்மணி. மல்லிகையிலிருந்து நறுமணநெய் எடுக்கும் ஆலையில் மணத்தை ஆய்ந்து தரம் பிரிப்பது அவர் பணி.

சில ஆண்டுகளுக்கு முன் வந்த காய்ச்சல் என் முகர்வுணர்வை அடியோடு கொண்டுபோயிற்று. அடுப்பில் பால் தீய்ந்தாலும் தெரியாது. மனைவி பூச்சூடி அருகில் அமர்ந்தாலும் தெரியாது. பின்னதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பழகிய மணத்தை நாள்தோறும் முகர்ந்துவந்தால் உணர்வு மீளக்கூடும் என்றார் மருத்துவர். அன்றுமுதல் விடியலிலேயே சந்தைக்குச் சென்று, மதுரைக்காரர் எவரும் தேர்வதுபோல, இறுக மூடிய பருத்த மொட்டுகளாகப் பொறுக்கி வாங்கிவந்து உடனே முகர்வேன். இரண்டு திங்கள் ஒன்றும் வாய்க்கவில்லை.

ஒருநாள் காலை மதிலுக்கு அப்பாலிருந்து அடுத்த வீட்டுப் பெண்மணி கேட்டார்:

"என்ன பெரியப்பா, மொட்டப் போயி மோந்துக்கிட்டு இருக்கீக?"

"மொதத் தரம்மா இது."

"தலையில வைக்கத்தான் மொதத் தரம். மொட்டுல என்ன வாசம் இருக்கும்? நாங்களே விரிய விட்டுத்தான் நெய் எடுக்குறோம்."

"இம்புட்டுப் படிச்ச மனுசனுக்கு இது தெரியல பாரு!" என்று உள்ளிருந்து என் மனைவி.

மறுநாள் மாலைமுதல் அவர் நறுமணநெய்யில் தோய்த்த தாள்கீற்றைக் கொண்டுவந்து, அதையும் விரிந்த மலரையும் மாறிமாறி முகரச் செய்தார். வேலை முடிந்து களைத்து வந்த நாள்களிலும் தவறவில்லை. பல வாரங்களுக்குப் பின் ஒரு மாலை, கீற்றிலிருந்து ஏதோ ஒன்று நாசியைத் தொட்டது.

"இது கெட்டுப்போச்சு போலம்மா. மாட்டுத்தொழுவம் மாதிரி நாறுது."

அவர் துள்ளி எழுந்தார். "பெரியம்மா, ஓடியாங்க! பெரியப்பாவுக்கு வாசம் வந்திருச்சு!"

மல்லிகை நெய்யில் அத்தகைய கூறு ஒன்று இயல்பாகவே சிறிதளவு உண்டாம். செறிந்தால் நாறும், நீர்த்தால் மலருக்கு உயிர் தரும். அதை நீக்கிச் செய்த நறுமணநெய் வெறும் இனிப்பாய் நின்றுவிடும் என்றார். எனக்கு அக்கூறே முதலில் வந்தது. இனிமை வர மேலும் சில வாரங்கள் ஆயின. முழுமையாக இன்னும் மீளவில்லை. எனினும் இப்போதெல்லாம் மாலையில் மனைவி என் பின்னே கடந்து சென்றால், படிக்கும் நூலிலிருந்து தலைநிமிராமலே அறிந்துகொள்கிறேன்.

நறுமணக் கலைபற்றி இங்குச் சொன்னவை யாவும் செவிவழி கேட்டவை. பிழை இருப்பின் அது கேட்ட என்னுடையது, சொன்னவருடையது அன்று. அறிந்தோர் திருத்தித் தர வேண்டுகிறேன்.