ஜாத்திய

துஷ்யந்திக்குப் பிடித்துப்போன பாடத்தைச் சொன்னால் தோட்டத்தில் யாருக்கும் விளங்காது. மதமும் நாடும் எந்தக் காலத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன என்பதுதான் பல்கலைக்கழகத்தில் அவள் ஆய்வு. நூறு வருஷத்துச் சிங்களப் பத்திரிகைகளை எழுத்துக்கூட்டாமல் வாசிப்பாள். சிங்கள ஊர்கள் சூழ்ந்த கரவனெல்லைப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவளுக்கு அதென்ன பெரிய காரியமா? அவற்றில் வரிக்கு வரி வந்த சொல் ‘ஜாத்திய’. சிங்களத்தில் அதற்கு இனம் என்று பொருள். தமிழில் அதே சொல்தான் சாதியாகி நிற்கிறது. இதைக் கண்டுகொண்டதில் அவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அதற்கென்றே ஓர் அத்தியாயம் எழுதினாள்.

எழுதும்போதுதான் தன் சாதி தனக்குத் தெரியாது என்பது உறைத்தது. அப்பா ஏழுமலையிடம் கேட்டாள்.

“படிக்கிற புள்ளைக்கு அது எதுக்கு?” என்றார், ரப்பர் பால்வாளியைக் கழுவிக்கொண்டே.

கல்யாணமான கையோடு இரத்தினபுரிச் சொந்தபந்தங்களை உதறிவிட்டு அவர் இங்கே வந்ததே, பிறக்கும் பிள்ளை அந்தச் சாதிப் பெயரைக் காதால் கேட்கக் கூடாது என்றுதான். மனைவி புஷ்பத்தின் வாயையும் கட்டிவைத்திருந்தார். அப்படியொரு பிடிவாதம்.

2008இல் ஆய்வைக் கொடுக்கக் கடைசி நாள் வந்தது. யுத்த நேரம், காலம் சரியில்லையென்று ஏழுமலையும் மகளோடு பஸ் ஏறினார். வழியில் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். சிப்பாய் ஒருவன் துஷ்யந்தியின் பையைத் திறந்தான். கட்டுக் கட்டாகச் சிங்களப் பத்திரிகைப் பிரதிகள். இந்தப் பெண்ணுக்கு இதெல்லாம் எதற்கு? முகம் மாறி, ஏழுமலை பக்கம் திரும்பினான்.

“ஜாத்திய மொகக்த?”

கடையில் சாமான் வாங்க ஏழுமலையின் சிங்களம் தாராளம். சிப்பாயின் துவக்குக்கு முன்னால் அது கைகொடுக்கவில்லை. அவர் காதில் விழுந்தது ‘சாதி என்ன?’ என்றுதான். கையைக் கட்டிக்கொண்டு, தலை குனிந்து, வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி சாதிப் பெயரைச் சொல்லிவிட்டார்.

அப்படி ஓர் இனத்தைச் சிப்பாய் கேள்விப்பட்டதே இல்லை. மறுபடி அதட்டினான். அவர் மறுபடியும் சொன்னார், இன்னும் சத்தமாக. அப்பா குனிந்து நின்ற விதத்தைத் துஷ்யந்தியால் தாங்க முடியவில்லை.

“தெமள, மாத்தயா. தெமள,” தமிழர்தான் ஐயா என்று சிங்களத்தில் குறுக்கே புகுந்தாள். பரீட்சைக்குக் கொடுக்கிற காகிதம் என்று விளக்கியதும் அவன் பையைத் தள்ளிவிட்டான்.

பஸ் கிளம்பியது. ஏழுமலை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவன் கேட்டது தமிழா சிங்களமான்னுதாங்கப்பா,” என்றாள் மெதுவாக. “சாதிய இல்ல.”

அவர் ஜன்னலை விட்டுத் திரும்பினார்.

“அப்போ, இருபத்திமூணு வருசமா உங்கிட்ட ஒளிச்சு வச்சத, கேக்காதவங்கிட்ட போய்ச் சொல்லிட்டேனா புள்ள?”