மிஸுவா, ஓயுவா?

எங்கள் அலுவலகத்தில் அக்காவுக்கு ‘சந்தேகம்’ என்று பெயர். வைத்தவன் நான்தான். ஆங்கிலத்தில் வரும் கையேடுகளை ஜப்பானிய மொழியில் எழுதுவது அவர் வேலை. அதைப் பக்கமாக வடிவமைப்பது என் வேலை. கையேட்டில் சொன்னதைச் செய்து பார்க்காமல் அவருக்கு ஒரு வரி நகராது. மடக்குக் குடைக் கையேடு வந்தபோது அவர் வீட்டுக்காரர் ஷவருக்கு அடியில் குடையும் கையுமாக நின்றார். பாவம், நல்ல மனுஷன். அவருக்கு வேலை போனதிலிருந்து வீடு அக்கா சம்பளத்தில்தான் ஓடியது.

அன்று வந்தது கால் மசாஜ் தொட்டிக் கையேடு. ‘கோடு வரை தண்ணீர் ஊற்றவும்’ என்று ஒரு வரி. எனக்கு அதில் ஒரு வம்பும் தெரியவில்லை. அக்காவுக்குத் தெரிந்தது. ஜப்பானியர்களுக்கு வெந்நீர் என்றால் ‘ஓயு’. ‘மிஸு’ என்று எழுதினால் பச்சைத்தண்ணீரைத்தான் ஊற்றுவார்கள். நாம் சுடுதண்ணீர் என்று சொல்லிச் சமாளித்துவிடுவோம். அங்கே அது செல்லாது.

அக்கா மேலாளர் அறைக்குப் போய், “சார், தொட்டியே தண்ணியைச் சூடு பண்ணுமா, நாமதான் சூடா ஊத்தணுமா?” என்று கேட்டார்.

“தண்ணின்னா தண்ணிதாம்மா! சாயங்காலத்துக்குள்ள அனுப்பணும். இன்னொரு சந்தேகம்னு வந்தீங்கன்னா, நாளைக்கு வேலைக்கே வரவேண்டாம்.”

அவர் சும்மா மிரட்டுகிற ஆள் இல்லை. சொன்னால் செய்வார்.

“ஏதோ ஒண்ணைப் போட்டுத் தள்ளுங்கக்கா. யாரு பார்க்கப்போறாங்க?” என்றேன்.

“வாங்கினவங்க பார்ப்பாங்கடா. கால் வலின்னுதானே வாங்கியிருப்பாங்க?”

அக்காவின் முகம் வெளிறிப்போயிருந்தது. ஆனாலும் ஒரு வாளித் தண்ணீரோடு மறுபடி உள்ளே போனார். நானும் பின்னாலேயே ஓடினேன். மாதிரிக்கு வந்த தொட்டி மேலாளரின் மேசைக்கடியில் பிரிக்காமல் கிடந்தது. அக்கா அதைப் பிரித்து, கோடு வரை தண்ணீரை ஊற்றினார்.

“காலையிலேர்ந்து கால் வலின்னு சொன்னீங்களே. சந்தேகமெல்லாம் இல்ல சார். காலை மட்டும் வைங்க.”

திட்டத் திறந்த வாயை மூடாமலே அவர் ஷூவைக் கழற்றினார். பொத்தானை அழுத்தினோம். தொட்டி கடகடவென்று அதிர்ந்ததே தவிர, சூடாகிற வழியைக் காணோம்.

“யம்மா, குளிருது! சுடுதண்ணி ஊத்துங்கம்மா!”

பாதித் தண்ணீரை வாளியில் மொண்டுவிட்டு, கெட்டில் கெட்டிலாகக் காய்ச்சி, விளாவி ஊற்றினேன். மேலாளருக்குக் கண் சொருகியது. அக்கா ஓடிப்போய் ‘ஓயு’ என்று தட்டி அனுப்பிவிட்டு, கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி அறை வாசலில் வந்து நின்றார். அவரைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

மேலாளர் கண்ணைத் திறக்கவில்லை.

“நாளைக்கு வரும்போது வீட்லேர்ந்து ஒரு துண்டு கொண்டு வந்துடுங்கம்மா” என்றார்.