அணில் கலைத்த கணக்கு

மயிலாடுதுறையில் சாலையோரப் பிள்ளையார் கோயில் முன்னால் பேருந்துக்கு நிற்கிறேன். எதிரே மருத்துவமனையில் தன் தங்கைக்குப் பிரசவ வலி என்று ஓர் அக்கா பிள்ளையாரை நூற்றெட்டு முறை சுற்றுகிறார். படியிலுள்ள கிண்ணத்தில் நூற்றெட்டு வேர்க்கடலை. சுற்றுக்கு ஒன்றை எடுத்துக் காக்கைக்கு வீசுகிறார். மணிச்சட்டத்துக்கும் பற்சக்கரக் கணக்குப்பொறிக்கும் முந்திய கணக்குக் கருவி இதுதான்! நான் பூரித்துப் பார்க்கும்போதே ஓர் அணில் கிண்ணத்துக்குள் தலையை விடுகிறது.

“அக்கா, அணில் நாலு கடலைய தின்னுடுச்சு!”

“நீ பாத்தது நாலு. பாக்காதது?”

நான் அணிலை விரட்டிவிட்டுக் கிண்ணத்தை எட்டிப் பார்க்கிறேன்.

“தங்கச்சி உயிரு தம்பி. கணக்குல சந்தேகமே கூடாது.”

ஆதியில் ஆடு மேய்த்தவர்கள் கூழாங்கல்லால் எண்ணியது ஏன் என்று இப்போது புரிகிறது: கல்லை எதுவும் தின்னாது. சாலையோரச் சல்லிக்கற்களில் நூற்றெட்டைப் பொறுக்கிக் கிண்ணத்தில் போடுகிறேன். அக்கா முதலிலிருந்து தொடங்குகிறார். சுற்றுக்கு ஒரு கல்லை எடுத்துப் போடும் வேலை எனக்கு. என் பேருந்து வந்து, போயும் விடுகிறது.

மருத்துவமனை வாசலிலிருந்து தங்கையின் கணவர் கத்துகிறார்: “பொண்ணு பொறந்திருக்கு! ரெண்டு பேரும் நல்லாருக்காங்க!”

அக்கா கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். ஆனால் சுற்றுவதை நிறுத்தவில்லை.

“அதான் பொறந்துடுச்சேக்கா, போய்ப் பாருங்க!”

“கிண்ணம் காலியாவட்டும். நீ கல்ல எடுத்துப் போடு.”