லாகில் வந்த பெயர்

சூலூரில் தறிக்காரர்களுக்குச் சேலை டிசைன் போட்டுத் தரும் அலுவலகம் ஒன்றில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவர் பாலுசாமி. பதினெட்டு வருட சர்வீஸ். தன் வேலைமேல் மனுஷனுக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. அதுதான் வினையாகிப் போனது.

மாசி மாதம் முழுக்க சர்வரிலிருந்து டிசைன் ஃபைல்கள் காணாமல் போயின. தினம் ஒன்றிரண்டு, மதியச் சாப்பாட்டு நேரத்தில். எந்த ஃபைல் அழிந்தாலும் யார் லாகினில் அழிந்தது என்று லாக் என்கிற பதிவேட்டில் விழும்படி பாலுசாமி சர்வரில் செட் செய்தார். மறுநாளே பெயர் வந்துவிட்டது: இல்மா. கோவை கரும்புக்கடையிலிருந்து பஸ்ஸில் வந்துபோகிற டிசைனர் பெண். மதியம் தன் சீட்டிலேயே தனியாகச் சாப்பிடுகிறவள். வேறென்ன அத்தாட்சி வேண்டும்? எல்லோர் முன்னாலும் நிறுத்திவைத்துக் கேட்டார்.

"ஏம்மா, போட்டிக் கம்பெனிக்காரன் சொல்லித்தான் அழிக்கறயா?"

"நான் எதையுமே தொடலைங்ணா. இன்னொருக்கா நல்லாப் பாருங்க."

"அதெல்லாம் பாத்தாச்சு. உன்ற பேருதான் வருது."

முதலாளி கோபாலசாமி அன்றே அவளை வேலையை விட்டு அனுப்பினார். அது புதன்கிழமை.

வியாழன் மதியம் இன்னொரு ஃபைல் போயிற்று. லாகில் மறுபடியும் இல்மா. ஆளே இல்லையே! பாலுசாமி அந்தப் பதிவை முழுதாகத் திறந்தார். அப்போதுதான் பெயருக்குக் கீழே இருந்த வரிகளைப் படித்தார். எந்த புரோகிராம் அழித்தது என்று அங்கே தெளிவாக இருந்தது. முந்தைய பதிவிலும் அதே வரி இருந்தது. பெயரைக் கண்டதும் படிப்பதை நிறுத்தியிருந்தார், பாவி.

பழைய நகல்களைத் துடைக்கப் பொங்கல் லீவில் அவரே எழுதிய புரோகிராம் அது. அதற்கென்று தனி லாகின் உண்டாக்கச் சோம்பல்பட்டு, மாசி பிறந்ததும் கைக்கு வந்த இல்மாவின் லாகினில், தினம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் தானாக ஓடும்படி விட்டிருந்தார். அது நகலோடு அசலையும் வாரிக்கொண்டு போயிருக்கிறது.

ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டாமா? சொல்லவில்லை. புரோகிராமை நிறுத்தினார், அன்றைக்குப் போன ஃபைலை பேக்கப்பிலிருந்து எடுத்து வைத்தார், வாயை மூடிக்கொண்டார்.

திங்கட்கிழமை டீ நேரத்தில் முதலாளி சந்தோஷமாகப் பேசினார். "பாத்தீங்களா, அந்தப் புள்ள போனதுக்கப்பறம் ஒரு ஃபைலாச்சும் காணாமப் போச்சுங்களா? பாலு கரெக்டாத்தான் புடிச்சிருக்கறாரு."

எல்லோரும் தலையாட்டினார்கள். பாலுசாமி டீ கிளாஸைக் கீழே வைத்தார். தன் தப்பை அவர் கமுக்கமாகச் சரிசெய்ததே அவள்தான் அழித்தவள் என்பதற்குச் சாட்சியாகிவிட்டது. அவமானத்தில் உடம்பே கூசியது.

"அந்தப் புள்ள இல்லைங்க. நாந்தானுங்க," என்று எழுந்து நின்றார். புரோகிராமைப் பற்றி ஒன்றுவிடாமல் சொன்னார்.

முதலாளியின் முகம் கறுத்தது. "அந்தப் புள்ளையைக் கூப்புடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க. எல்லாருங் கேக்கட்டும்."

இல்மா போனை எடுத்தாள். பாலுசாமி திக்கித் திணறி எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். "தப்புப் பண்ணிப்போட்டேன் கண்ணு. மன்னிச்சுரு. நாளைக்கே வேலைக்கு வந்துரு."

இல்மா ஒன்றே ஒன்று கேட்டாள்.

"உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுதுங்ணா?"

"வியாழக்கெழமை, கண்ணு."

"இன்னைக்குத் திங்கக்கெழமைங்ணா," என்றாள் இல்மா.